ட்ராக் காருக்கு ஃபைபர் பாகங்கள்: எதை மாற்றலாம், எதை இரும்பாகவே விடலாம்?

பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை ட்ராக்குக்கென்றே ஒதுக்கிவிட்ட ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணா, பானட், ரெண்டு ஃபெண்டர், டிக்கி மூடி, நாலு கதவு, எல்லாத்தையும் ஃபைபர்ல போட்டுடலாமா?" ஃபைபர் என்று நாம் சொல்வது, கண்ணாடி இழையை ரெசின் என்ற இறுகும் பிசினில் ஊறவைத்துச் செய்த தகடு. அவருக்கு அன்றைக்கே ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பட்டியலில் ஃபெண்டர்களை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் பக்கத் தகடுகளை, கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். பானட், யார் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டிக்கி மூடியால் பெரிய லாபம் இல்லை. கதவுகளைத் தொடவே கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் இந்தப் பக்கம் இப்படி வண்டி தயார் செய்கிறவர்கள் நிறைய பேர். ஆசையில் காசைப் போட்டுவிட்டு, எடையும் குறையாமல், பாகங்களுக்கு நடுவிலான இடைவெளி லைனும் சேராமல் தவிப்பவர்களும் நிறைய பேர்.

முதலில் கணக்கு. காரின் மேல்தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இரும்பு. 0.75 என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டர் 5.9 கிலோ. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மேட்டை (நறுக்கிய கண்ணாடி இழையைப் பாய் மாதிரி ஒட்டியது) ரெசினில் ஊறவைத்துக் கையால் போடும் ஃபைபர், 2.5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 3.6 கிலோ வரும். நல்ல லாபம்தான். ஆனால் அதே ஃபைபரை 4 மில்லிமீட்டருக்குப் போட்டால் 5.8 கிலோ! இரும்புத் தகட்டின் எடை அப்படியே திரும்ப வந்துவிட்டது. "ஃபைபர் என்றால் லேசு" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. லேசாகப் போட்ட ஃபைபர்தான் லேசு.

நான்கு மில்லிமீட்டர் யார் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியும் கூரைத் தகடும் செய்து பழகிய கை, கார் பானட்டையும் அப்படித்தான் போடும். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு, சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் ரெசின் குடித்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். "ஸ்ட்ராங்கா இருக்கட்டுங்க" என்று ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டால் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ ஏறிவிடும். இது நம்மூர் பட்டறைக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 1960-களில் வந்த போர்ஷே 904-இன் உடலை மோல்டுக்குள், அதாவது வார்ப்பு அச்சுக்குள், நறுக்கிய இழையை ரெசினோடு பீய்ச்சித்தான் செய்தார்கள். தடிமன் இடத்துக்கு இடம் மாறியதால் ஒரே மாடல் வண்டிகளின் எடையே ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டது. போர்ஷேவுக்கே அந்த நிலை என்றால், ஃபைபர் பாகத்தைத் தராசில் வைக்காமல் வாங்கக் கூடாது என்பது தெளிவு.

அடுத்தது விறைப்பு. தகடு வளையாமல் நிற்பதற்குத் தடிமன்தான் முக்கியம். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். இரும்பைவிட ஃபைபர் பொருளளவில் மிகவும் இளகியது, மேட் ஃபைபருக்கு இரும்பின் பொருள் விறைப்பில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம். இருந்தாலும் 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்தால் 0.75 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ விறைத்து நிற்கும். அதனால் ரொம்ப மெல்லிசாகப் போடவும் முடியாது. 1.5 மில்லிமீட்டரில் போட்ட பானட் தூக்கும்போது இனிக்கும், நேர் ரோட்டில் 140-ஐத் தாண்டும்போது நடுவில் குபுகுபுவென்று மூச்சு வாங்கும்.

இப்போது எதிரில் நிற்கும் மற்ற வழிகளைப் பார்ப்போம்.

அலுமினியத்தைப் பலர் மறந்தே விடுகிறார்கள். 1.1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, பழைய இரும்பளவுக்கு விறைப்பாக இருக்கும், எடை சதுர மீட்டருக்கு 3 கிலோதான். அதாவது சாதாரண மேட் ஃபைபரைவிட லேசு. தீப்பிடிக்காது, வெயிலில் தொய்யாது. தட்டையான பானட்டுக்கும் டிக்கி மூடிக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் ஃபெண்டர் மாதிரி இரண்டு பக்கமும் வளைகிற பாகத்தை அலுமினியத்தில் தட்டி எடுக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். அந்த மாதிரி ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், கிடைத்தால் கூலி நியாயமாகவே அதிகம்.

கார்பன் ஃபைபர், எபாக்சி என்ற உயர்ரக ரெசின் போட்டு ஒழுங்காகச் செய்தால், 1.2 மில்லிமீட்டரிலேயே இரும்பின் விறைப்புக்கு வந்துவிடும். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கும் கீழே. எடைக்கு எடை அதை எதுவும் மிஞ்சாது. விலைதான் தடை, அதைவிட இன்னொரு விஷயமும் உண்டு: ட்ராக்கில் ஒரு தரம் முட்டினால் முழுப் பணமும் போச்சு. கார்பன் பானட் என்று விற்கப்படுவதில் ஒரு பகுதி, கனமான மேட் ஃபைபரின் மேல் ஒரே ஓர் அடுக்கு கார்பன் துணி ஒட்டியது. அது வெறும் ஃபைபரைவிடக் கனம். பார்க்க அழகு, ட்ராக் காருக்குப் பிரயோஜனம் இல்லை.

பழைய இரும்புப் பாகத்தையே லேசாக்குவது இன்னொரு வழி. பானட்டின் அடிச்சட்டத்தில் தேவையில்லாத இடங்களை வட்டமாக வெட்டி எடுப்பது, உள்ளே ஒட்டிய சத்தத்தடுப்பு ஷீட்டைச் சுரண்டுவது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, லைன் மாறாது. முதல் வருடம் ஓட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, அப்படியானால் ஃபைபர் எதற்கு? ஒரே காரணம்: மோல்டு. ஒரு மோல்டு கையில் இருந்தால், உடைந்த ஃபெண்டருக்குப் பதில் இன்னொன்றை இரண்டு நாளில் எடுக்கலாம். லட்சக்கணக்கில் செய்கிறவர்களுக்கு அச்சு அடித்த இரும்பு மலிவு, பத்து இருபது செய்கிறவர்களுக்கு ஃபைபர்தான் மலிவு. 1953-இல் செவர்லே கார்வெட் வந்தபோது அந்த முதல் வருடம் செய்தது 300 வண்டிதான், உடல் முழுக்கக் கண்ணாடி இழை. ஃபெராரி 308 ஜி.டி.பி. 1975-இல் ஃபைபர் உடலோடு வந்து, 1977-இல் இரும்புக்கு மாறியது. நம் பக்கத்தில் பெங்களூரில் 1982-இல் வந்த சிபானி டால்ஃபினும் ஃபைபர் உடல்தான். ரேலி ஓட்டுகிறவர்களிடம் அந்தக் குட்டி வண்டிக்கு நல்ல பெயர் இருந்தது. ஆக, குறைந்த எண்ணிக்கை, அடிக்கடி அடிபடும் பாகம் என்ற இரண்டும் சேரும் இடத்தில் ஃபைபர் ஜெயிக்கும். ட்ராக் காரில் அந்த இடம் முன் ஃபெண்டரும் முன் பம்பரும்.

எஸ்டீம் முன்சக்கர இழுவை வண்டி. 1298 சி.சி. என்ஜினும் கியர்பாக்ஸும் மூக்கில் உட்கார்ந்திருக்கின்றன. மொத்த எடை சுமார் 875 கிலோ, அதில் பெரும்பங்கு முன்னால். முன்னால் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் மூக்கு உள்ளே திரும்ப உதவும். டிக்கி மூடியில் குறைத்தால் மொத்த எடை இறங்கும், ஆனால் பாரம் இன்னும் முன்னால் சாயும். அதனால்தான் டிக்கியைக் கடைசியில் வைத்தேன். நீங்கள் ஓடும் பிரிவில் குறைந்தபட்ச எடை என்று விதி இருந்தாலும் கவலையில்லை. மேலே எடுத்ததைத் தரையை ஒட்டி பாரமாகப் போட்டுக்கொள்ளலாம், அதுவும் லாபமே. எந்தப் பாகத்தை மாற்ற அனுமதி உண்டு என்பதை மட்டும் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.-யின் விதிப்புத்தகத்தில் உங்கள் பிரிவுக்கு முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கதவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டியின் பக்கவாட்டில் இன்னொரு கார் வந்து முட்டினால், உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது கதவு மட்டும்தான். ஃபைபர் கதவு அந்த அடியில் நொறுங்கி, கூர்மையான சில்லுகளாக உள்ளே வரும். பக்கக் குழாய்களோடு முழு ரோல் கேஜ் (ஓட்டுகிறவரைச் சுற்றிய இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டு, விதியும் அனுமதித்தால்தான் அந்தப் பேச்சையே எடுக்கலாம்.

இந்த வண்டி ரோட்டிலும் ஓடும் என்றால் எல்லாவற்றையும் இரும்பாகவே விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரோட்டில் நடந்து போகிறவர் மேல் உடைந்த ஃபைபர் விளிம்பு படுவதை நினைத்தாலே போதும்.

ரெசினைப் பற்றிக் கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். எனக்கு வந்த முதல் பானட் அப்படிக் கேட்காமல் வாங்கியது. கறுப்பு பெயின்ட் அடித்து, சித்திரை வெயிலில் பேடாக்கில் (ட்ராக்கில் வண்டிகளை நிறுத்தும் இடம்) நிறுத்தி, இரண்டு செஷன் ஓட்டியபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே ஒரு கை அகலத்துக்கு அலை அலையாகத் தொய்ந்துவிட்டது. விசாரித்தபோது தெரிந்தது, ஜி.பி. ரெசின், அதாவது பொதுவேலைக்கான சாதாரண பாலியெஸ்டர் ரெசின். அது இறுகிய பிறகும் சுமார் 60, 70 டிகிரி சூட்டில் இளக ஆரம்பிக்கும். கறுப்பு பானட் வெயிலில் நின்றாலே அந்தச் சூடு வந்துவிடும், கீழே என்ஜின் வேறு. ஐசோ என்ற ஒரு படி மேலான பாலியெஸ்டர் ரெசின் 90 டிகிரிப் பக்கம் வரை தாங்கும், வினைல் எஸ்டர் என்ற இன்னொரு ரெசின் அதையும் தாண்டும். பானட்டுக்கு ஐசோவுக்குக் கீழே இறங்கவே கூடாது. கலர் வெள்ளையோ வெளிர் சாம்பலோ இருக்கட்டும், மேனிஃபோல்டுக்கு மேலே அடிப்பக்கம் சூடு மறிக்கும் ஃபாயில் தாளை ஒட்டிவிடுங்கள். ஃபெண்டருக்கும் பம்பருக்கும் ஜி.பி. போதும்.

மேட் மட்டும் போடாமல், வெளிப்பக்கம் ஒரு மெல்லிய மேட், உள்ளே நெய்த கிளாஸ் துணி என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. நெய்த துணியில் கண்ணாடிப் பங்கு அதிகம், ரெசின் குறைவு, சதுர மீட்டருக்கு 3 கிலோப் பக்கம் இறக்கலாம். பானட்டின் அடியில் ஃபோம் பட்டையை வைத்து அதன் மேல் துணி போர்த்திய விலா எலும்புகள் குறுக்கும் நெடுக்கும் இருக்க வேண்டும். அது இல்லாத பானட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கப் போகும்போது ஒரு தராசும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்துப் போங்கள். பாகத்தின் மேல் நாணயத்தால் விரல் அகலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் டக் டக்கென்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே காற்றுக் குமிழி மாட்டிய இடம் பொத்தென்று மந்தமாகக் கேட்கும். பின்பக்கம் விளக்கைப் பிடித்துப் பாருங்கள், ஜெல் கோட் (பாகத்தின் வெளிப்பக்கத்து வழவழ ரெசின் தோல்) வெளிர் நிறமாக இருந்தால் தடிமன் எங்கே கூடுகிறது எங்கே குறைகிறது என்பது வெளிச்சத்திலேயே தெரியும். மூலைகளில் மேட் ஒட்டாமல் ரெசின் மட்டும் தேங்கி நின்றால் அந்த மூலைதான் முதலில் விரியும். மோல்டிலிருந்து எப்போது கழற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். சாயங்காலம் போட்டு ராத்திரியே கழற்றிய பாகம் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும், அந்தச் சுருக்கம் மோல்டுக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும். நீங்களே மோல்டு எடுத்துப் போடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும், இறுகத் தொடங்கவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

இனி மாட்டுவது. காசு மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

எங்கள் எஸ்டீமின் வலது ஃபெண்டரை மாட்டிய அன்று நான் ட்ரில் மெஷினோடு தயாராக நின்றேன். டிங்கரிங் வேலையில் நாற்பது வருடம் ஊறிய அண்ணன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அதைக் கீழ வைங்க. கதவு லைன் பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் மேலே 3 மில்லிமீட்டர், கீழே 9. "கதவு தொங்குது. ஃபெண்டரைக் கதவுக்குச் சேர்த்துட்டு, நாளைக்குக் கதவைத் தூக்குனா என்ன ஆகும்?" கீல் பின் தேய்ந்து கதவு இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் கதவை நேராக்கினோம். அப்புறம் வைத்துப் பார்த்தபோது மேலே 4, கீழே 6.

வரிசை அதுதான். கதவு முதலில், கதவுக்கு ஃபெண்டர், ஃபெண்டருக்கும் கண்ணாடிப் பக்கத்துக்கும் பானட், அப்புறம் ஹெட்லைட், கடைசியில் பம்பர். இரண்டு பக்க இரும்பு ஃபெண்டரையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்று நிற்கட்டும், அளவு பார்க்க அதுதான் சாட்சி. கழற்றும் முன்பே எல்லா இடைவெளியையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கீழே மிச்சமிருந்த 2 மில்லிமீட்டருக்கு அந்த அண்ணன் கிரைண்டரைத் தொடவில்லை. ஃபெண்டரின் உள்மடிப்பை ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, இரண்டு கட்டையை வைத்துக் கிளாம்ப் போட்டு, ஆறும் வரை அப்படியே விட்டார். கழற்றியபோது மடிப்பு புது இடத்தில் நின்றது. ட்ரில்லை எடுத்தது அதற்கப்புறம்தான். ஓட்டை போடும் இடத்தில் டேப் ஒட்டி, ஜெல் கோட் பக்கமிருந்து, முதலில் ட்ரில் பிட்டைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு மேல்தோலைத் தேய்த்து, பிறகு முன்னோக்கி. அப்படிச் செய்யாவிட்டால் ஜெல் கோட் நட்சத்திரம் மாதிரி விரியும். போல்ட்டைவிட ஓட்டை 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், ஃபைபர் நகர இடம் வேண்டும். போல்ட் தலைக்குக் கீழே அகல வாஷர், அதற்கும் கீழே ரப்பர். வெறும் போல்ட்டை இறுக்கினால் ஃபைபர் நசுங்கும், ஒரு மாதத்தில் ஓட்டை நீளமாகிவிடும்.

பானட்டுக்கு ஒரிஜினல் லாக்கை மட்டும் நம்பக் கூடாது. லாக் கொக்கி பிடிக்கும் இடம் ஃபைபரில்தான் பலவீனம், வேகத்தில் பானட் தூக்கிக் கண்ணாடியில் அடித்தால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. முன்னால் இரண்டு பானட் பின் (பானட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டு ஊசி) கட்டாயம். அந்த ஊசி நுழையும் இடத்தில் உள்ளே 1.6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையை வைத்து மேட் போட்டு மூடிவிட வேண்டும். பின்னால் கீலை வைத்துக்கொண்டால் ஓர் ஆளே திறக்கலாம். கீலை எடுத்துவிட்டு மொத்தம் நான்கு பானட் பின் போட்டால் இன்னும் கொஞ்சம் எடை குறையும், ஆனால் ட்ராக் ஓரம் பிட் லேனில் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தூக்க வேண்டும். எனக்குக் கீல் இருப்பதே பிடிக்கும். பானட்டைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் போட்ட வண்டியென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டுத் தாங்குகம்பிக்கு மாறுங்கள், இரும்புக்காகச் செய்த ஸ்ட்ரட் ஃபைபரை வில்லாக வளைத்துவிடும். ஃபெண்டரில் இண்டிகேட்டர் எரியாவிட்டால் பல்பைக் குறை சொல்ல வேண்டாம். ஃபைபரில் எர்த் வராது, தனி ஒயர் இழுக்க வேண்டும்.

பெயின்ட்டுக்கு அவசரமே வேண்டாம். மாட்டிப் பார்த்து, கழற்றி, ஒரு வாரம் வெயிலில் நேராகத் தாங்கி வைத்துக் காயவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு சுருங்கினால் உள்ளே இருக்கும் மேட்டின் நார்க்கோடுகள் மேலே தெரியும். மோல்டில் தடவிய மெழுகைச் சோப்புத் தண்ணீரிலும் அப்புறம் தின்னரிலும் கழுவிய பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கி, பெயின்ட் கண் கண்ணாக விலகும். தேய்க்கும்போது மாஸ்க், முழுக்கை சட்டை. அந்தத் தூள் தோலில் ஏறினால் ராத்திரி தூக்கம் போய்விடும், நுரையீரலுக்கு அதைவிடக் கெடுதல். பள்ளம் நிரப்பும் பட்டியை முடிந்த மட்டும் குறையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பட்டி இழுத்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏறும், இவ்வளவு பாடுபட்டுக் குறைத்தது அதில் போய்விடும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இது: இரண்டு முன் ஃபெண்டரும் முன் பம்பரும் ஃபைபர், உள்ளே இருக்கும் பம்பர் பீம் மட்டும் இரும்பாகவே இருக்கட்டும். பானட் ஐசோ ரெசினில், விலா வைத்து, தராசில் பார்த்து. டிக்கி மூடியின் உள்சட்டத்தை வெட்டினால் போதும். கதவு அப்படியே. கழற்றிய இரும்பு ஃபெண்டர்களைக் காயலான் கடைக்குப் போடாமல், நெளிவு எடுத்து, ப்ரைமர் அடித்து, பரண் மேல் வைக்கச் சொன்னேன். அடுத்த மோல்டை அதன் மேல்தான் எடுக்க வேண்டும், அதில் ஒரு நெளிவு இருந்தால் இனி எடுக்கும் எல்லா ஃபெண்டரிலும் அதே நெளிவு இருக்கும்.